கல்மூர்சாவுக்குச் சான்று தேவை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் தேநீர் நன்றாக இருக்கிறது. அரசு அலுவலகங்களில் பெரும்பாலும் சுடுதண்ணீரில் சாயம் கலந்து நீட்டுவார்கள். இதில் நம் வழக்கப்படி பாலும் உப்பும் அளவாக இருக்கின்றன. நான் வந்தது ஒரு சிறு திருத்தத்துக்காகத்தான். ஒரு தேதி தவறாகப் பதிவாகியிருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று வாசலில் இருந்த காவலரிடம் சொன்னேன். அவர் என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுக்காரர்களிடம் போகச் சொன்னார். கொஞ்சம் விளக்கிச் சொன்னதும் என் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்துவிட்டார். அவர் பிடித்த இடம் இன்னும் வலிக்கிறது. இருக்கட்டும், சின்னப் பையன், பழகிக்கொள்வார்.

என் பெயர் எசெங்குல். இதே நாரினில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சாலை விதிகள் நடத்துகிறேன். உங்கள் துறையில் பாதிப் பேர் என்னிடம் படித்துத்தான் உரிமம் வாங்கியிருப்பார்கள். விதி என்றால் எனக்கு உயிர். எதிரே ஒரு ஈ காக்கை வராவிட்டாலும் சிவப்பு விளக்கில் நிற்பேன். பின்னால் நிற்கிறவன் ஒலியெழுப்பித் திட்டுவான். திட்டட்டும். மனைவி மகளுக்குத் துணையாக பிஷ்கெக்குக்குப் போய் நாலு வருடமாகிறது. அவளும் போகும்போது என் விதிகளைப் பற்றித்தான் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

போன இலையுதிர்காலத்தில் நகர நூலகத்தில் ஒரு பயிற்சி நடந்தது. இணையத்தில் நம் மொழியில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதை மேற்பார்வை பார்க்கும் நிர்வாகிகளில் ஒருத்தி, ஜில்திஸ் என்ற பெண், பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருவன்தான் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தேன்.

“நம்ம மொழியில எழுத ஆளே இல்லண்ணே. பசங்க ஒரு வாரம் எழுதிட்டு ஓடிப்போயிடுவாங்க. நீங்க ஓட மாட்டீங்கன்னு மூஞ்சிலயே தெரியுது” என்றாள்.

ஓடவில்லை. அன்றே நாரின் ஆற்றைப் பற்றிய பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். வசந்தத்தில் ஆற்றின் இரைச்சல் சந்தை வரைக்கும் கேட்கும் என்று. தேநீர் ஆறுவதற்குள் அந்த வரியின் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று முளைத்திருந்தது. சிறிது நேரத்தில் வரியே காணாமல் போயிற்று. பிறந்ததிலிருந்து என் காதால் கேட்கிற இரைச்சல். ஜில்திஸிடம் கேட்டேன்.

“உங்க காது கணக்குல வராதுண்ணே. யாராவது எழுதி, அது அச்சுல வந்திருக்கணும். நேர்ல போய்ப் பாத்தேன், நான் கேட்டேன், எனக்குத் தெரியும், இதெல்லாம் இங்க செல்லாது.”

வேறொருவனாக இருந்தால் கோபம் வந்திருக்கும். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஊரில் என் வாழ்நாள் முழுக்க உரக்கக் கத்துகிறவன் சொல்வதுதான் உண்மை. பள்ளி இயக்குநர் கத்துவார், மாமனார் கத்தினார், சந்தையில் ஆட்டு வியாபாரி கத்துவான். கத்தினால் செல்லாத ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து எங்கள் பயிற்சிப் பள்ளியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதையும் நீக்கிவிட்டார்கள். இடம் குறிப்பிடத்தக்கதல்ல, தவிரவும் தன்னைப் பற்றியும் தன் பிழைப்பைப் பற்றியும் ஒருவர் எழுதக் கூடாது. ஒப்புக்கொண்டேன். யாரைப் பற்றி எழுதுவது என்று யோசித்தபோது கல்மூர்சா நினைவுக்கு வந்தார்.

அவர் கோக்-போரு ஆடியதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், உங்களுக்கு வயது போதாது. இப்போதைய ஆட்டத்தில் நடுவர், விசில், தலைக்கவசம் எல்லாம் வந்துவிட்டது. அப்போது அப்படியில்லை. தலையை வெட்டிய கிடாய் ஒன்று தரையில் கிடக்கும். அதைக் குதிரையிலிருந்து குனிந்து அள்ளிக்கொண்டு எதிராளியின் குழியில் போட வேண்டும். எனக்கு ஏழு வயது இருக்கும். கல்மூர்சா அள்ளிய கிடாயின் காலை எதிரணியில் ஆடிய ஓர் அட்-பாஷி ஊர்க்காரன் பிடித்துக்கொண்டான். அவன் குதிரை இடறி விழுந்தது. கை கிடாயின் காலோடு சிக்கிக்கொண்டது. கல்மூர்சா விடவில்லை. சாட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கிடாயையும் ஆளையும் சேர்த்து மைதானம் முழுக்க இழுத்துக்கொண்டு போனார். தோள் கழன்ற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அந்த ஆளின் முகத்தில் பாதித் தோல் மைதானத்திலேயே தங்கிவிட்டது. கிடாயைக் குழியில் எறிந்துவிட்டுத்தான் கல்மூர்சா திரும்பிப் பார்த்தார். என் அப்பா கத்திக்கொண்டே என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அதற்கு முன்பும் பின்பும் அவர் என்னைத் தூக்கியதாக எனக்கு நினைவில்லை.

நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். ஆட்டங்கள், வெற்றிகள், அவர் முறித்த கைகால்கள், எல்லாவற்றுக்கும் அச்சில் சான்று கிடைத்தது. கடைசியாக 2016-ஆம் ஆண்டு மாவட்டப் பத்திரிகையில் ஒரு செய்தி. வீரர் கல்மூர்சாவின் ஆஷ் சிறப்பாக நடந்தது, விருந்துக்குக் குதிரைகள் அடிக்கப்பட்டன, பந்தயம் விடப்பட்டது, அவரைப் போல ஒருவரை இந்த மலை இனிக் காணப்போவதில்லை என்று பெரியவர்கள் பேசினார்கள். ஆஷ் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆள் போய் ஒரு வருடம் கழித்து ஊரைக் கூட்டிப் போடுகிற விருந்து. ஆகவே இறப்பு 2015 என்று எழுதினேன். செய்தியைச் சான்றாகக் கொடுத்தேன். அவர் ஊர் இங்கிருந்து அரைநாள் பயணம். போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நேரில் போய்ப் பார்ப்பது சொந்த ஆய்வு, அதற்குத்தான் கலைக்களஞ்சியத்தில் இடமில்லையே.

கட்டுரை முதற்பக்கத்தில் வந்தது. அந்த மாதத்தின் சிறந்த புதிய கட்டுரை என்று ஜில்திஸ் அங்கே என் பயனர் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்தாள். எங்கள் இயக்குநர் அதை அச்செடுத்து நடைக்கூடத்தில் ஒட்டினார். ஒட்டிவிட்டு என் கையைக் குலுக்கினார். சந்தைத் தேநீர்க்கடையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். உங்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். சீருடை போட்டவர்களுக்கு எல்லோரும் இடம் விடுவார்கள். எனக்கு அதுவரை யாரும் விட்டதில்லை.

ஜனவரியில் யாரோ பயனர் கணக்கு இல்லாமல் வந்து கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

“நான் சாகல. இத எழுதுனவன் கழுதை. கல்மூர்சா.”

பழையபடி மாற்றிவிட்டு, ‘சான்று தேவை’ என்று குறிப்பு எழுதினேன். மறுநாள் மீண்டும் வந்தது.

“சான்றா? இன்னிக்குக் காலையில ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சேன், அதுதான் சான்று.”

மாற்றினேன். கஞ்சி குடித்தது எந்த அச்சிலும் வரவில்லை. அதற்கடுத்து வந்த வரிகளை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை. என் தாயாரைப் பற்றியும் ஒரு குதிரையைப் பற்றியும் இருந்தன. ஒவ்வொரு முறையும் பொறுமையாக, மரியாதையாக, விதியின் பெயரைக் குறிப்பிட்டு மாற்றினேன். வாரக்கணக்கில் இது நடந்தது.

ஜில்திஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். “அண்ணே, பூபுசாரான்னு ஒரு அக்கா எனக்கு எழுதியிருக்காங்க. பெரியவருக்குப் பக்கத்து வீடாம். போட்டோவும் வந்திருக்கு. மனுஷன் நல்லா கல்லு மாதிரி நிக்கறாரு.”

“போட்டோ அச்சில் வந்ததா?” என்று கேட்டேன்.

“அண்ணே, உயிரோட இருக்கற ஆளுன்னா விதி வேற. சந்தேகம்னாலே எடுத்துடணும். தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்க. புதுசா வர்றவங்க எல்லாருக்கும் நடக்கறதுதான். நான் பாத்துக்கறேன்.”

“நான் செய்தியில் இருந்ததைத்தான் எழுதினேன்.”

“அதுக்கில்லண்ணே. இத்தனை தடவை மாத்தியிருக்கீங்க. மத்த நிர்வாகிங்க வேணும்னே புரளி கிளப்புறீங்கங்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள அவர் இறந்ததுக்குச் சான்று காட்டுங்க. இல்லன்னா புரளின்னு போட்டு உங்க கணக்கை நிரந்தரமா தடை பண்ணிடுவாங்க. என்னால தடுக்க முடியாது.”

அதற்குள் விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. தேநீர்க்கடையில் நான் நுழைந்ததும், “ஏய், உயிர் எடுக்கற அஸ்ரேல் வந்துட்டாரு, எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கோங்க” என்று ஒருவன் கத்தினான். கடையே குலுங்கிச் சிரித்தது. வகுப்பில் ஒருவன் கை தூக்கி, “சார், என் மாமியாரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதித் தர்றீங்களா?” என்று கேட்டான். இயக்குநர் நடைக்கூடத்தில் ஒட்டியிருந்ததைக் கிழித்தார். முழுசாகக் கூட எடுக்கவில்லை, நாலு மூலையும் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. தினமும் அந்த நாலு மூலைகளைக் கடந்துதான் வகுப்புக்குப் போவேன். அவமானமாக இருந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அவமானத்துக்காக நான் எதையும் செய்யவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். பேசிப் பார்க்கலாம் என்றுதான் போனேன். பனி நன்றாக விழுந்திருந்தது. மேட்டில் கடைசியாக இரண்டு வீடுகள், ஒன்று அவருடையது, மற்றது பூபுசாராவுடையது. அவர் முற்றத்தில் குதிரைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது என்று சொல்ல முடியாது. கை இன்னும் அதே கைதான், கிடாயை அள்ளிய கை. நான் யார் என்று சொன்னேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாய் பயந்துபோய்க் குரைத்தது.

“பூபுசாரா! அடியே பூபுசாரா! ஓடிவா, என்னைக் கொன்ன மவராசன் வந்திருக்கான்!”

அவள் தலைத்துணியை முடிந்துகொண்டே வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன். “இவருதானா அது?” என்றாள். “பாத்தா பூனைக்குட்டி மாதிரி இருக்காரு. ஏண்ணே, ஒரு ஆளு நானே உயிரோட இருக்கேன்னு சொன்னா நம்ப மாட்டீங்களா?”

“அவர் சொல்வது கணக்கில் வராதம்மா” என்றேன்.

“அப்ப யாரு சொன்னா வரும்? பொணம் சொன்னாவா?”

“விடுடி, விருந்தாளி” என்றார் கல்மூர்சா. “என்னைக் கொன்னவனுக்கு வெறும் தேத்தண்ணியா குடுக்கறது? ஆட்டைப் புடி.”

தடுத்தேன். கேட்கவில்லை. முற்றத்திலேயே ஆட்டைச் சாய்த்து, கால்களைக் கட்டி, ஒரே இழுப்பில் கழுத்தை அறுத்தார். ரத்தம் பனியில் குழி பறித்துக்கொண்டு இறங்கியது. ஆடு உதைத்து அடங்கும் வரைக்கும் முழங்காலால் அழுத்திக்கொண்டே என்னிடம் சாலை நிலவரம் விசாரித்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமே இல்லை. எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவுதான் அழுத்தினார். அன்றைக்கு அவரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய.

கறி வேகும்போது ஆஷ் விஷயத்தைச் சொன்னார். பிள்ளை குட்டி கிடையாது. மனைவியும் போய்விட்டாள். “நான் செத்தா எனக்கு எவன் ஆஷ் போடுவான்? அதான் இருக்கறப்பவே போட்டுட்டேன். மூணு குதிரை அடிச்சேன். நடுவுல உக்காந்து என் சாப்பாட்டை நானே சாப்பிட்டேன். எவன் வர்றான், எவன் என்னைப் பத்திப் பொய் சொல்றான், எல்லாத்தையும் காதால கேட்டாச்சு. கைய ஒடிச்சேனே அந்த அட்-பாஷிக்காரன், அவன் வந்து ஒத்தக் கையால என்னைக் கட்டிப் புடிச்சு அழுதான் தம்பி. செத்திருந்தா அதப் பாத்திருக்க முடியுமா?”

பத்திரிகைக்காரன் இதை ஒரு வரி எழுதியிருக்கலாம். ஊருக்கே தெரிந்த விஷயம் என்று விட்டுவிட்டான். பிள்ளையில்லாதவர்கள் அந்தக் காலத்தில் இப்படிச் செய்வதுண்டு என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் கேள்விப்பட்டது கணக்கில் வராது. யார் மேல் தவறு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

வெந்த ஆட்டுத் தலையைத் தட்டில் வைத்து, கத்தியையும் என் முன் வைத்தார். விருந்தாளிக்கு அதுதானே மரியாதை. நான் காதை அறுத்துப் பூபுசாராவிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். திங்கட்கிழமைக் கெடு, புரளி, தடை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கல்மூர்சா பொறுமையாகக் கேட்டார். அவர் நல்ல மனிதர், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

“எனக்கென்ன தம்பி, செத்ததாவே இருக்கட்டும். ஆஷ் சோறே சாப்பிட்டவன் நான். விட்டுரு பூபுசாரா, இனிமே அதுல எழுதாத.”

“முடியாது” என்றாள் அவள். “நாளைக்கு பென்ஷன் ஆபீசுல எவனாவது அதப் படிச்சுட்டு நீ செத்துட்டேன்னு நிறுத்துவான். உனக்கு யாரு போய் அலையறது? நான்தானே. போட்டோ அனுப்பியாச்சு, இன்னும் அனுப்புவேன். இவரு ஒரு வரி மன்னிப்புக் கேட்டா என்ன, வாய் முத்து உதிந்துருமா?”

“அவ சொன்னா சொன்னதுதான்” என்று கல்மூர்சா எனக்குக் கண்ணைக் காட்டினார். “அப்ப ஒரே வழிதான் இருக்கு. திங்கக்கெழமைக்குள்ள என்னைக் கொன்னுரு. கட்டுரை சரியாயிரும். ஆனா தேதியையாவது ஒழுங்காப் போடுடா. போன தடவை ரொம்ப முன்னாடியே அனுப்பிட்ட.”

சிரித்தார். பூபுசாராவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். போடுகிறேன் பெரியவரே என்று வாக்குக் கொடுத்தேன். அதை அவர் வேடிக்கைக்குச் சொன்னார் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் சொன்னார். சொல்லாததை ஊகிப்பது என் வேலையல்ல, சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் முறை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவரைச் செத்தவர் என்று எழுதினால் அது புரளி, அதற்குத் தடை. செத்தவரின் வருடத்தைத் தப்பாகப் போட்டால் அது சிறு பிழை, அதற்கு ஒரு திருத்தம் போதும். அந்தக் கட்டுரையில் மிச்சம் எல்லாம் சரி. ஒரே ஒரு தகவல்தான் இடித்துக்கொண்டு நின்றது.

பூபுசாரா ரொட்டி எடுத்துவர அவள் வீட்டுக்குப் போனாள். பட்டப்பகல்தான். கல்மூர்சா இரும்படுப்பில் வறட்டி போட எழுந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கத்தி என் கையில்தான் இருந்தது. அதை எனக்குக் கொடுத்ததே அவர்தான். கழுத்துக்குப் பக்கத்தில் முதல் குத்து சரியாக இறங்கவில்லை, எலும்பில் பட்டு வழுக்கியது. அவர் விழவில்லை. அப்படியே திரும்பி என் சட்டையை முறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று நான் சொல்ல முடியாது, அட்-பாஷிக்காரனுக்குத்தான் தெரியும். என் கையைக் கடித்தார். இதோ, பாருங்கள், நாலு பல்லும் பதிந்திருக்கின்றன. அடுப்போடு சேர்ந்து இருவரும் சரிந்தோம், கொதிக்கிற கறித்தண்ணீர் அவர் மேல் கொட்டியது. அதன் பிறகுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. முழங்காலை அவர் மார்பில் வைத்து, முற்றத்தில் அவர் செய்து காட்டியதைப் போலவே அழுத்திக்கொண்டு, கழுத்தை அறுத்தேன். ஒரே இழுப்பில் முடியவில்லை. எத்தனை முறை என்று கேட்டால் சரியான எண் என்னிடம் இல்லை. ஊகமாக ஒரு எண்ணைச் சொல்ல நான் விரும்பவில்லை. கடைசி வரைக்கும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அந்த வேடிக்கை எங்கே முடிகிறது என்று தெரியாமல் பார்த்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்தபோது பூபுசாரா வாசலில் நின்றாள், கக்கத்தில் ரொட்டியோடு. அவள் ஓடவில்லை. கத்தவும் இல்லை. பையிலிருந்து போனை எடுத்து என்னை நோக்கிப் பிடித்தாள். அந்த நிமிடம் எனக்கு அவள்மேல் உண்மையாகவே மரியாதை வந்தது. சான்று என்றால் என்ன என்று அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் புரிந்திருந்தது. அடுப்படியில் விறகு பிளக்கும் கோடாலி சாத்தியிருந்தது. அவள் போனைக் கீழே போடாமலே விழுந்தாள். விரல்களைப் பிரித்து எடுக்க நேரமாயிற்று, இரண்டை ஒடிக்க வேண்டியிருந்தது. ரொட்டி வட்டமாக உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

பிறகு போனை அடுப்பில் போட்டேன். தணலை வாரி விரிப்பில் கொட்டினேன். கூரை வரைக்கும் வறட்டி அடுக்கியிருந்தார், நன்றாகப் பிடித்துக்கொண்டது. குதிரையை அவிழ்த்து விட்டேன், நாயையும் அவிழ்த்து விட்டேன். அவற்றின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. திரும்பும் வழியில் நகர எல்லையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நின்றேன்.

பனியால் பாதை மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைதான் பால் வண்டிக்காரர் மேலே போய்ப் பார்த்திருக்கிறார். உங்கள் ஆட்கள் போய், அடுப்பு கவிழ்ந்து தீப்பிடித்தது, காப்பாற்றப் போன பக்கத்து வீட்டுப் பெண்ணும் பலி என்று எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பார்ப்பதற்கு அங்கே அதிகம் மிஞ்சியிருக்காது. திங்கட்கிழமை காலையில் மாவட்டப் பத்திரிகையில் செய்தி வந்தது. புகழ்பெற்ற வீரர் கல்மூர்சா தீ விபத்தில் மரணம். அரைமணி நேரத்தில் கட்டுரையைத் திருத்தினேன். பழைய வருடத்தை எடுத்தேன், புதிய சான்றைக் கொடுத்தேன்.

ஜில்திஸ் கூப்பிட்டு அழுதாள். “பாவம்ணே அந்த மனுஷன். உங்ககூட சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள போயிட்டாரு. நீங்களும் பாருங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்காம உடனே சரிபண்ணிட்டீங்க. மத்தவங்ககிட்ட பேசிட்டேன், தடை கிடையாது.” நட்சத்திரம் என் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. தேநீர்க்கடையில் யாரும் இப்போது அஸ்ரேல் என்று கூப்பிடுவதில்லை. செத்தவரை வைத்து வேடிக்கை செய்ய மாட்டார்கள். மறுபடி இடம் விட்டு உட்காருகிறார்கள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பத்திரிகையில் அவர் இறந்தது பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தார்கள். கண்டுபிடித்த நாளையே இறந்த நாளாக்கிவிட்டார்கள். என்ன அலட்சியம் பாருங்கள். ஏற்கெனவே ஒருமுறை அரைகுறையாக எழுதி என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். தேதியை ஒழுங்காகப் போடுகிறேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே ஏழு, வெள்ளி என்று மாற்றினேன். ஜில்திஸ் அதைப் பழையபடி ஆக்கிவிட்டு என் பக்கத்தில் எழுதினாள்.

“அண்ணே, பத்திரிகையில ஞாயிறுன்னுதான் இருக்கு. வெள்ளின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நல்ல கேள்வி. விதிப்படியான கேள்வி. இத்தனை பேரில் அவள் ஒருத்திதான் கேட்டாள். பிஷ்கெக்கில் அவள் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும், பயிற்சியின்போது முகவரி கொடுத்திருந்தாள், பேருந்தும் தினமும் போகிறது. அதை யோசித்துப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் செய்தது சரி. சரியாகச் செய்கிறவர்களை நான் ஒன்றும் செய்ய மாட்டேன். நான் பார்த்தேன், எனக்குத் தெரியும் என்பதெல்லாம் அங்கே செல்லாது. அச்சில் வர வேண்டும்.

அதனால்தான் வந்தேன். என்னால் தூங்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்த ஒன்பதுதான் தெரிகிறது. நீங்கள் இதைப் பதிவு செய்வீர்கள், வழக்கு நடக்கும், தீர்ப்பு வரும், தீர்ப்பைப் பத்திரிகைகள் வெளியிடும். பிறகு யாரும் மறுக்க முடியாது. என்னைப் பற்றியும் யாராவது கட்டுரை எழுதக்கூடும், அவ்வளவு செய்தி வந்தால் நானும் குறிப்பிடத்தக்கவன்தானே. அதில் நான் கைவைக்க மாட்டேன், தன்னைப் பற்றித் தானே எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது. எத்தனை வருடம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அங்கே இணையம் உண்டா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.

இந்தத் தாளில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொடுங்கள், ஒருமுறை படித்துவிட்டுப் போடுகிறேன். இங்கே பாருங்கள், வெள்ளி, பிப்ரவரி ஏழு, இது சரி. இதற்குக் கீழே பூபுசாராவின் பெயரையும் அதே தேதியையும் போட்டிருக்கிறீர்கள். அது பிழையில்லை. ஆனால் அவள் குறிப்பிடத்தக்கவள் அல்ல, அந்த வரியை நீங்கள் எடுத்துவிடலாம்.